மூச்சு எங்கன இருக்கு?

என் தங்கை கல்யாணத்தில் முதல் பந்திக்கே சோறு பத்தாமல் போய்விட்டது. சமையல்காரர் ஒரு பக்கம் கையை விரிக்கிறார், சம்பந்தி ஒரு பக்கம் முகத்தைத் தூக்குகிறார், நடுவில் நான். கத்தக் கத்த என் குரல் கீச்சுக்கீச்சென்று ஏறிக்கொண்டே போனது. பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது.

"மாப்ள, மூச்சு எங்கன இருக்கு?"

"சோறு இல்லங்கேன், மூச்சக் கேக்கீரே ஓய்!"

"சோறு வந்துரும். மூச்சு எங்கன இருக்கு, அதச் சொல்லும்."

தொண்டையில் இருந்தது. சொன்னேன். "அப்ப வாய மூடிக்கிட்டு அந்தப் பந்தக்கால் வரைக்கும் நடந்துட்டு வாரும்," என்றார். நடந்து திரும்புவதற்குள் அடுத்த உலைச் சோறு வந்துவிட்டது. சம்பந்தி ரசத்துக்குப் போயிருந்தார்.

இந்தக் கேள்வியை அவர் கேட்காத இடமில்லை. சாவு விழுந்த ஒரு துட்டி வீட்டில், அழுது அழுது விக்கிப்போயிருந்த பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, "ஏளா, மூச்சு எங்கன இருக்கு?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் இவரை முறைத்தார்கள். அந்தப் பெண் மட்டும் முறைக்கவில்லை. நெஞ்சைத் தொட்டுக் காண்பித்தாள். "சரி, நெஞ்சோட நிக்கட்டும். மேல விட்டுராத," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் அவர் மச்சான். அவருக்கு ஊரெல்லாம் மாப்பிள்ளை. நானும் மச்சான் என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.

எழுபதுகளின் நடுவில், புதிய துறைமுகம் திறந்து தூத்துக்குடி முழுக்கக் கப்பல் பேச்சாக இருந்த காலம். நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். மில்லர்புரத்தில் வீடு. பகலெல்லாம் நாற்காலி, சாயங்காலம் காராச்சேவு. முப்பது வயதுக்குள் சட்டையின் நடுப் பொத்தான் தெறிப்பது வழக்கமாகிவிட்டது. தைத்துத் தைத்து அலுத்துப்போன என் மனைவி, இனிமேல் கோணி ஊசிதான் வாங்க வேண்டும் என்றாள்.

ஒருநாள், கப்பலுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வர வேண்டிய ஆள் வரவில்லை என்று என்னை அனுப்பினார்கள். லாஞ்சில் ஏறிப் போனேன். கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய ஏணியில் பாதி ஏறியதும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மேலே நின்ற மாலுமிகள் கைதட்டிச் சிரித்தார்கள். கீழே லாஞ்சில் கயிறு கட்டிக்கொண்டிருந்த குட்டையான மனிதர் மட்டும் அண்ணாந்து பார்த்து, "அண்ணாச்சி, மூச்சு எங்கன இருக்கு?" என்று சத்தம் போட்டுக் கேட்டார். முதல்முறை கேட்கிறவனுக்கு என்ன தெரியும்? "எங்கிட்ட இல்ல," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப ஏற வேண்டாம், இறங்கவும் வேண்டாம். அங்கனயே கயித்தப் புடிச்சுக்கிட்டு நில்லும். அது திரும்பி வரும்," என்றார். வந்தது. கையெழுத்தையும் வாங்கிவிட்டேன். கரைக்குத் திரும்பும்போது, நாளை விடிந்ததும் பீச் ரோட்டுக்கு வரச் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, பேசிக்கிட்டே ஓடலாம்," என்றார்.

உண்மையிலேயே பேசிக்கொண்டேதான் ஓட வேண்டும். அது அவருடைய சட்டம். "பேச முடியாத ஓட்டம் ஓட்டமில்ல மாப்ள, பதட்டம்." மூச்சு வயிற்றில் இருந்தால் ஓடலாம். நெஞ்சுக்கு வந்துவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தொண்டைக்கு ஏறிவிட்டால் நடந்துவிட வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவ்வளவுதான் அவருடைய வித்தை. நான் வீம்புக்கு, "வயித்துல," என்று பொய் சொன்னால், என் பக்கம் திரும்பாமலேயே, "தோளு காதுகிட்ட நிக்கி, வயித்துலங்கீரு," என்பார். பொய் சொல்லத் தெரியாதது தோள் ஒன்றுதான் என்பது அவர் கண்டுபிடிப்பு.

முதல் சில நாட்கள் என்னைச் சினிமாக் கதை சொல்லச் சொன்னார். கதாநாயகன் ஜெயிலுக்குப் போவதற்குள் எனக்கு மூச்சு இரைத்துவிட்டது. பிறகு அவரே வேறு வழி பார்த்தார். அவருடைய கோயிலில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்லும்போது, முன்னால் இருப்பவர் மாதாவுக்கான மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியைச் சொல்வார். மற்றவர்கள் பதில் பாதியைச் சொல்வார்கள். மச்சான் ஓடிக்கொண்டே முதல் பாதியைச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் பதில் பாதியைக் கற்றுக்கொடுத்தார். பதிலை இழுக்காமல், திணறாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. வார்த்தை நடுவில் அறுந்தால் வேகம் தப்பு. நான் நெற்றியில் திருநீற்றோடு கடற்கரையில் செபம் சொல்லிக்கொண்டு ஓடுவதைப் பார்த்த என் மாமனார், வீட்டுக்கு வந்து என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்துவிட்டுப் போனார்.

அந்தப் பதில் பாதி பின்னால் ஒருநாள் எனக்குப் பயன்பட்டது. வெகுகாலம் கழித்து, மச்சானுடைய அடக்கத்தின்போது. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் செபமாலை சொன்னார்கள். நான் ஒரு இடத்திலும் தடுக்காமல் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் நெற்றியையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க எந்தக் கோயில் பங்கு?" என்று கேட்டார். "பீச் ரோடு," என்றேன்.

அவரோடு ஓடும்போதுதான் என்றில்லை, எங்கே போனாலும் பக்கத்தில் வருகிறவரின் வேகம்தான் அவருடைய வேகம். சைக்கிளில் போனால் நம் பின்சக்கரத்துக்கு நேராக அவருடைய முன்சக்கரம் இருக்கும். பரோட்டாக் கடையில் நாம் எழுந்திருக்கும்வரை அவர் கையில் கடைசித் துண்டு இருக்கும். அவர் மனைவிக்கு இது பெரிய மனக்குறை. "இவுகளோட கோயிலுக்குப் போனா பூசை முடிஞ்சு மெழுகுவத்தி அணைக்கும்போதுதான் போய்ச் சேருவோம். வழியில எவ மெதுவா நடந்தாலும் அவ கூடவே நடப்பாக. நான் முன்னால போய் நின்னு திரும்பிப் பாக்கணும். யாரு யாருக்குப் பெஞ்சாதின்னே தெரியாது," என்பார். சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு தோசை வைப்பார்.

மச்சான் என்ற பெயர் எப்படி வந்தது என்பதை நானாகக் கேட்கவில்லை, கேட்கப் பயந்தேன். லாஞ்சு வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் சங்கு குளிக்கிற வள்ளத்தில் இருந்தவர். அங்கே கடலுக்குள் இறங்குகிறவரின் இடுப்புக் கயிற்றைப் படகில் நிற்கும் ஒருவர் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தங்கையோ அக்காவோ தாலியோடு இருக்க வேண்டும் என்ற கவலை அவனுக்குத்தானே இருக்கும். இவர் அக்காவின் கணவருக்குக் கயிறு பிடித்தவர். "முன்ன கயிறு புடிச்சாரு, பிறகு விட்டுட்டாரு," என்று ஹார்பரில் யாரோ சொன்னதை வைத்து, நான் என் மனதுக்குள் ஒரு பெரிய சோகக் கதையைக் கட்டிவிட்டேன். அத்தான் கடலோடு போய்விட்டார், அந்தத் துக்கத்தில்தான் மனிதர் ஊரார் மூச்சையெல்லாம் விசாரித்துக்கொண்டு திரிகிறார் என்று. பல மாதம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் துக்கம் விசாரித்துக்கொண்டேன். அந்தக் கதை எப்படிக் கவிழ்ந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால் செல்லையாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

செல்லையா விளாத்திகுளம் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து வந்தவன். எங்கள் கம்பெனியில் மூட்டை ஏற்றும் தினக்கூலி. தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே கூட்டமாக நிற்பார்கள். கேட் திறந்ததும் மேஸ்திரி முன்னால் முதலில் போய் நிற்கிறவனுக்கு அன்றைக்கு வேலை, பிந்தினவன் வீட்டுக்குப் போகலாம். செல்லையா பிந்தியதே இல்லை. கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி பாய்வான். அவன் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். ஒருநாள் கால் சுளுக்கினால் அடுப்பு எரியாது என்ற பயத்திலேயே அவன் தூங்கி எழுந்தான்.

அந்த வருஷம் ஊர் விளையாட்டு மன்றத்துக்காரர்கள் ஒரு மாரத்தான் ஓட்டம் வைத்தார்கள். வேம்பார் வருவதற்குச் சற்று முன்னாலிருந்து கடற்கரைச் சாலை வழியாகத் தூத்துக்குடி வரை, இருபத்தாறு மைல். எங்கள் மேனேஜருக்குக் கம்பெனியின் பெயர் பேப்பரில் வர வேண்டும் என்று ஆசை. செல்லையா பாய்வதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டு, "பத்துப் பேருக்குள்ள வந்துரு. உன்னை நிரந்தரமாக்கிடுதேன். பிறகு நீ கேட்டுல நிக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டார். என்னையும் ஓடச் சொன்னது மச்சான். பத்துப் பேருக்குள் வருவதற்கல்ல, வந்து சேர்வதற்கு.

செல்லையாவையும் நான் பீச் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் எங்களோடு முதல்நாள் ஓடியதை மறக்க முடியாது. மாப்பிள்ளையூரணி வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு. மச்சான் "போலாமா" என்று கேட்டு முடிப்பதற்குள் அவனைக் காணோம். கேட் திறந்த மாதிரியே பாய்ந்துவிட்டான். நாங்கள் செபம் சொல்லிக்கொண்டு பின்னால் போனோம். வழியில் ஒரு உடைமரத்தடியில் படுத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். "எந்திரிக்க முடியல மச்சான். எனக்கு ஓட்டம் வராதோ?" என்று அவன் கேட்டபோது முகம் பிள்ளை முகமாக இருந்தது.

"ஓட்டம் வரும். உனக்கு ஆரம்பம் மட்டுந்தான் தெரியுது. கேட்டுலருந்து மேஸ்திரி வரைக்கும் ஓடிப் பழகுன காலுல்லா," என்றார் மச்சான். அவனைத் தூக்கி உட்காரவைத்து, மடியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியும் இரண்டு கல் உப்பும் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது மூன்று பேரும் நடந்தே வந்தோம்.

அதற்குப் பிறகு தினமும் செல்லையாவை இழுத்துப் பிடிப்பதே அவர் வேலை. அவன் முந்தினால் பனியனின் பின்நுனியைப் பிடித்துவிடுவார். செபத்தின் பதில் பாதியை அவனும் கற்றுக்கொண்டான். ஆனால் கால்கள் துடித்துக்கொண்டே இருக்கும். "இவரு என்னைய மாட்ட முளையில கட்டுன மாதிரி கட்டுதாரு அண்ணாச்சி. இப்படி ஓடுனா நான் பத்தா வருவேன், பந்தலப் பிரிக்கும்போதுதான் வருவேன்," என்று என்னிடம் பொருமுவான்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் செல்லையாவும் மார்க்கெட்டில் கருவாடு வாங்கப் போனோம். கடைக்காரர் ஆள் வாட்டசாட்டம், பீப்பாய் மாதிரி நெஞ்சு. மச்சானைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது. "யாரு, எம் மச்சினனா?" என்றார் அவர். எனக்குக் கையிலிருந்த பை நழுவியது. நான் மாதக்கணக்கில் யாருக்காகத் துக்கப்பட்டேனோ அவர் எனக்கு நெத்திலி நிறுத்துக்கொண்டிருந்தார்!

"நீங்க... நல்லா இருக்கியளா?" என்றேன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"எனக்கென்ன கேடு? சங்குதான் கிடைக்கல. அவன் கயிறு புடிச்ச காலத்துல நான் ஒரு தடவ கூட அடியில நிதானமா நின்னதில்ல. நாலு சங்கு கண்ணுக்குத் தெரியும், ரெண்ட எடுப்பேன், அதுக்குள்ள இழுத்திருவான். மேல வந்து ஏம்ல இழுத்தன்னு கேட்டா, ஒமக்கு மூச்சு முட்டிருக்கும் அத்தான்ம்பான். எனக்கு முட்டவே இல்லையே! பிறகுதான் கண்டுபுடிச்சேன். நான் உள்ள இறங்குனதும் மடப்பய மேல நின்னுக்கிட்டு அவனும் மூச்ச அடக்கிருதான்! அவனுக்கு முட்டுனா எனக்கும் முட்டும்னு கணக்கு. அவன் நெஞ்சு கோழி நெஞ்சு, எந் நெஞ்சு இது." தன் மார்பில் ஓங்கித் தட்டிக் காட்டினார். "கடைசில நானே கெஞ்சிக் கேட்டு அவனக் கரைக்கு அனுப்பிட்டேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன். அவன் புடிச்சவரைக்கும் எம் பெஞ்சாதி நிம்மதியா ஒறங்கினா."

நான் சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை சிரித்தேன். செல்லையா சிரிக்கவில்லை.

மறுநாள் ஓடி முடித்து மணலில் உட்கார்ந்திருந்தபோது அவன் நேரடியாகக் கேட்டான்.

"மச்சான், ஓட்டத்தன்னைக்கு ஒமக்கு மூச்சு முட்டுனா என்னையப் புடிச்சு இழுப்பீரா?"

மச்சான் கால்சட்டையில் ஒட்டியிருந்த மணலை ஒவ்வொன்றாகத் தட்டினார். அவருக்கு விஷயம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது.

"இழுத்துருவேனோன்னுதாம்ல எனக்கும் பயமா இருக்கு," என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதும் செல்லையாவுக்குக் கோபப்படவும் முடியவில்லை. "நீரு கூட வரலன்னா நான் கேட்டுல பாய்ஞ்ச மாதிரிதான் பாய்வேன். கூட வந்தா நீரு இழுப்பீரு. நான் என்ன செய்ய?" என்றான். ஒரு நல்ல மனிதரின் அன்பு இன்னொருவனின் சோற்றுக்குக் குறுக்கே நிற்கக்கூடும் என்பதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஓட்டத்தன்று இருட்டோடு லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் வேம்பாருக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். நல்ல கூட்டம். மில் ஆட்கள், காலேஜ் பையன்கள், போலீஸ்காரர்கள். மச்சான் என்னிடம் வந்து, "மாப்ள, இன்னைக்கு நான் அவங்கூடப் போறேன். ஒம்ம மூச்ச நீரே கேட்டுக்கிடணும்," என்றார். என்னவோ பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் மாதிரி அவருக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கும்தான். விசில் ஊதினார்கள். எல்லோரும் பாய்ந்தார்கள். செல்லையாவும் பாய்ந்தான், ஆனால் இரண்டு எட்டோடு நின்றுவிட்டான். பனியன் நுனி மச்சான் கையில் இருந்தது. ஓரமாக நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன?

நான் என் பாட்டுக்கு ஓடினேன், நடந்தேன், திரும்பவும் ஓடினேன். தனியாகச் செபத்தின் பதில் பாதியை மட்டும் சொல்லிக்கொண்டு ஓடுவது விநோதமாக இருந்தது. கேள்வியே இல்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வைப்பாற்றைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி ஒருவர், "அண்ணாச்சி, ஏறிக்கிடுதியளா?" என்று கேட்டார். ஏறியிருப்பேன். தோள் காதுகிட்ட நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இல்லை. ஓடினேன்.

முன்னால் நடந்ததைச் செல்லையா பிறகு என்னிடம் சொன்னான். தருவைக்குளம்வரை அவர்கள் இருவரும் ஒரே சீராகப் போயிருக்கிறார்கள். ஆரம்பத்தில் பாய்ந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாலையோரம் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். ஆனாலும் முன்னால் இன்னும் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். உப்பளத்துப் பக்கம் திரும்பியதும் மச்சான் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. செல்லையா காத்திருந்து பார்த்துவிட்டு, பதில் பாதியைத் தானாகவே சொன்னான். முழுசாக, திணறாமல். மச்சானுடைய கை அவன் பனியனுக்கு நீண்டது. நுனியைப் பிடித்தும் விட்டது.

"அவ்வளவுதான், இழுக்கப் போறாருன்னு நினைச்சேன் அண்ணாச்சி. எனக்கு அழுகையே வந்துட்டு," என்றான் செல்லையா.

மச்சான் பிடித்துக்கொண்டே ஓடினார். பிறகு, "ஏலே, மூச்சு எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

"வயித்துல, மச்சான்."

"சத்தியமா?"

"பொறக்கப்போற எம் பிள்ள மேல சத்தியமா."

அவர் அவன் தோளைப் பார்த்தார். தோள் இறங்கித்தான் இருந்தது. "எனக்குத்தாம்ல முட்டுது. ஒனக்கில்ல," என்றார், அதை அப்போதுதான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டவர் மாதிரி. பனியனை விட்டுவிட்டார். செல்லையாவுக்குக் கால் நகரவில்லை. "போலே! விட்டுட்டேன், போ!" என்று அவர் மிச்சமிருந்த குரலில் கத்தினார். செல்லையா போனான்.

நான் அந்த இடத்துக்கு வந்தபோது அவர் ஓடைப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தார். முகம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. "போகாம ஏன் இங்கன இருக்கீரு?" என்று கேட்டேன். "நீரு வருவீருல்லா, அதான்," என்றார். செல்லையாவைக் கேட்டதற்கு, "விட்டுட்டேன்," என்று மட்டும் சொன்னார்.

இருவரும் நடந்தோம். எனக்குப் பாதம் முழுக்கக் கொப்புளம். அவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். ஊர்ப்பக்கமிருந்து யார் சைக்கிளில் வந்தாலும் நிறுத்தி, "செவப்புக் கால்சட்ட போட்ட ஒருத்தன், வெறுங்காலோட ஓடுனானே, பாத்தியளா?" என்று கேட்டார். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை என் பக்கம் திரும்புவார். "நான் சீக்கிரம் விட்டுட்டனோ மாப்ள? இன்னும் ஒரு மைல் புடிச்சிருக்கணுமோ?" இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அதையே திருப்பிப் போடுவார். "இல்ல, பிந்தி விட்டுட்டனோ? முன்னமே விட்டிருந்தா பிடிச்சிருப்பானோ?" இந்த மனிதருக்கு இன்றைக்கு நல்ல சேதி வரவில்லை என்றால் என் கண்ணால் பார்க்க முடியாது என்று தோன்றியது.

மாப்பிள்ளையூரணி கண்ணுக்குத் தெரிந்தபோது எதிரே ஒருவன் வந்தான். சிவப்புக் கால்சட்டை. கையில் ஒரு தூக்குச்சட்டி. மச்சான் நின்றுவிட்டார்.

"எதிர்ல வாரான் பாத்தீரா? ஓடி முடிச்சவன் எதுக்கு எதிர்ல வாரான்? பாதியில விழுந்துட்டு, அழுதுக்கிட்டு நம்மளத் தேடி வாரான்," என்றார். அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்தும் விட்டார்.

செல்லையா வந்து சேர்ந்தான். அவன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. வியர்வையும் புழுதியும்தான் இருந்தது.

"எத்தனாவதுலே?" என்றார் மச்சான்.

செல்லையா சட்டியைக் கீழே வைத்தான். அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவர் முழங்கால் இரண்டிலும் கையை வைத்துக்கொண்டான்.

"மச்சான், மூச்சு எங்கன இருக்கு?"

மச்சான் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். இத்தனை காலமும் ஊரையெல்லாம் கேட்ட மனிதரிடம் அதைத் திருப்பிக் கேட்க எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"வயித்துலதான்," என்றார்.

"தோளு காதுகிட்ட நிக்கி."

மச்சான் தோளை இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "தொண்டையில இருக்குலே," என்றார். "காலையிலருந்தே தொண்டையிலதான் இருக்கு."

"அப்ப நடக்கணும். பேசக் கூடாது. நான் எட்டாவது."

மச்சான் வாயைத் திறந்தார். "பேசக் கூடாதுன்னேன்லா," என்று செல்லையா அதட்டினான். அதட்டிவிட்டு அவனே அழுதான். நான் முன்னமே அழ ஆரம்பித்திருந்தேன். சாலையில் போன பதநீர்க்காரர் ஒருவர், மூன்று வளர்ந்த ஆண்கள் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து, யாரும் தவறிவிட்டார்களா என்று விசாரித்தார். நான் இல்லையென்று தலையை ஆட்டி அவரை அனுப்பிவைத்தேன்.

சட்டியில் செல்லையாவின் மனைவி கொடுத்துவிட்ட நீராகாரம் இருந்தது. மச்சானுக்குக் கொடுத்தோம். எனக்கு வைத்துவிட்டுத்தான் குடித்தார், அதை மட்டும் மாற்ற முடியவில்லை. பிறகு அவரை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் நாங்கள் நடந்தோம். அவர் நொண்டுகிற வேகம்தான் எங்கள் வேகம். திடீரென்று செல்லையா, செபத்தின் முதல் பாதியைச் சொல்ல ஆரம்பித்தான். அவனுக்கு யாரும் அதைக் கற்றுக்கொடுத்ததில்லை, கேட்டுக் கேட்டுக் காதில் ஒட்டியதுதான். பாதி தப்பு. வார்த்தைகள் இடம் மாறிக் கிடந்தன. ஒரு வரியையே விழுங்கிவிட்டான்.

மச்சான் திருத்தவில்லை. என்னோடு சேர்ந்து பதில் பாதியைச் சொன்னார். முதல் தடவை காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை குரல் வந்தது, தோளும் இறங்கியது.